தை மாத மணவறைக்குப் பூத் தேடுதல்

தங்கையின் கலியாணம் வருகிற தை மாதக் கடைசியில் என்று சாத்திரியார் நாள் குறித்துத் தந்த அன்று, வீட்டில் எல்லோரும் மண்டபத்தைப் பற்றியும் மேளகாரரைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் எழுந்து போய்க் கிணற்றடியில் நிற்கும் மல்லிகைப் பற்றைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பின்னால் போனேன். "தையில இது பூக்காது பிள்ளை. அவள் சின்னனிலயிருந்து மல்லிகைதான் வேணும் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாள்" என்றார். அந்தக் கவலை எனக்கு உடனே விளங்கியது. எங்கள் குடும்பத்தில் இதுவரை நடந்த மூன்று கலியாணங்களுக்கும், மூன்று வேறு மாதங்களில், அம்மாவுடன் சேர்ந்து பூவுக்கு அலைந்தவள் நான். எந்த மாதம் எங்களுக்கு எதைக் கொடுத்தது, எதைத் தர மறுத்தது என்பதை எழுதிவைத்தால், நாளைக் குறித்துவிட்டுப் பூவை நினைத்துக்கொண்டிருக்கும் வேறு வீடுகளுக்கும் அது உதவக்கூடும்.

நாங்கள் இருப்பது வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளைக்கும் தண்ணீரூற்றுக்கும் இடையில். வன்னியின் ஆண்டு ஏறக்குறைய இரண்டு துண்டாக வெட்டப்பட்ட ஆண்டு என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரையும், சில ஆண்டுகளில் தை நடுப்பகுதி வரையும், வாடைக்காற்றோடு வரும் மழைதான் ஆண்டு மழையின் பெரும்பகுதி. குளங்கள் நிரம்புவதும் காலபோக நெல் விளைவதும் அந்த மழையால்தான். சித்திரையில் பின்னேரங்களில் இடியோடு சில மழை பெய்யும். வைகாசி பிறந்தால் சோளகக் காற்று எழுந்து, புரட்டாதி வரைக்கும் புழுதியை வாரிக்கொண்டு, இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வீசும். இந்த இரண்டு காலங்களுக்கும் ஒரே பூவை வைத்துக்கொண்டு மணவறை சோடிக்க முயன்றால், ஒன்றில் அது அழுகும், அல்லது கருகும். அதனால் நிறத்தை முதலில் முடிவுசெய்து அதற்குப் பூத் தேடும் இப்போதைய வழக்கத்தை விட, முகூர்த்தம் எந்த மாதத்தில் விழுகிறது என்று பார்த்து, அந்த மாதம் வளவிலும் ஊரிலும் எது பூக்கிறதோ அதை நடுவில் வைத்து, வெளியிலிருந்து வருவதை அதற்குத் துணையாகச் சேர்ப்பதே இங்கே சரியான ஒழுங்கு என்பது என் உறுதியான எண்ணம்.

முதலாவது கலியாணம் அக்காவுடையது, 2007 வைகாசியில். 2006 ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடப்பட்டுவிட்டது. ஓமந்தைப் பக்கத்தால் வருகிற பொருட்களும் கட்டுப்பாடுகளோடுதான் வந்தன. அரிசிக்கும் மருந்துக்கும் காத்திருந்த நாட்களில் பூவைப் பற்றி எவர் கேட்பார்? மாப்பிள்ளை வீட்டார், மாலைகூட இல்லாமல் தாலியைக் கட்டலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லியனுப்பினார்கள். ஆனால் அம்மா விடவில்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஊர் முழுவதும் நடந்து, யார் யார் வேலியில் எது நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிவைத்தார். வைகாசி மல்லிகையின் மாதம். அந்த ஆண்டு எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடுகளின் மல்லிகைகள் ஒன்றாகப் பூத்திருந்தன.

மல்லிகையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மற்ற எந்தப் பூவையும் விட இதற்கு நேரக் கணக்கு கடுமையானது. மொட்டு முற்றி வெள்ளையாகி, ஆனால் இன்னும் விரியாமல் இருக்கும் விடியற்காலையில்தான் அதைப் பறிக்க வேண்டும். அப்படிப் பறித்த மொட்டு அன்று பொழுதுபட்ட பிறகு விரிந்து மணக்கும். அடுத்த நாள் காலை இதழின் ஓரம் மண்ணிறமாகத் தொடங்கிவிடும். காலை முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையிலேயே பறித்துத் தொடுத்து வைத்தால், இரவு எல்லோரும் நித்திரையில் இருக்கும்போது அது விரிந்து, மணத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டு, தாலி கட்டும் நேரத்துக்கு வாடிப்போய் இருக்கும். அக்காவுக்கு முகூர்த்தம் காலை ஒன்பது மணிக்குப் பிறகு. அம்மாவும் நானும் பெரியம்மாவும் அதிகாலை நாலரை மணிக்கு அரிக்கன் லாம்போடு இறங்கிப் பறித்தோம். ஏழு மணிக்குக் கொண்டைமாலை முடிந்துவிட்டது. மணவறையில் இருந்தபோது அக்காவின் தலையில் இருந்தவை முத்துப் போன்ற மூடிய மொட்டுகள். பொழுதுபட்டுக் கால்மாறிப் புகுந்த வீட்டுக்குப் போன நேரத்தில் அவை ஒவ்வொன்றாக விரிந்து, அந்தச் சிறிய வீடு முழுவதும் மணத்ததாக அக்கா இன்றைக்கும் சொல்லுவார். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் போதும், சித்திரை, வைகாசி, ஆனியில் கலியாணம் வைக்கிறவர்கள் வேறு மணப்பூவைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அன்று மணமாலைக்கு நந்தியாவட்டையும் கனகாம்பரமும் துளசியும் சேர்த்துக் கட்டினோம். நந்தியாவட்டை வன்னியில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கைகொடுக்கிற வெள்ளைப் பூ. ஆனால் காம்பைக் கிள்ளினால் பால் வடியும், அது கூறைச்சேலையில் பட்டால் பிசின்போல ஒட்டும். பறித்தவுடன் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, பால் நின்ற பிறகு ஈரம் துடைத்துக் கட்ட வேண்டும் என்பதை அன்று ஒரு தாவணியைப் பழுதாக்கித்தான் கற்றுக்கொண்டேன். கனகாம்பரத்துக்கு மணம் இல்லை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வெய்யிலில் அது காட்டும் பொறுமையை வேறு சிறிய பூ எதுவும் காட்டுவதில்லை. மல்லிகைச் சரத்துக்கு இடையில் இரண்டு விரல் அளவுக்கு ஒரு கண்ணி கனகாம்பரம் வைத்தால், மல்லிகை வாடிய பிறகும் சரம் நிறத்தோடு நிற்கும். மணவறைக்குப் பின்னால் கட்டியது சரக்கொன்றை. கோடையில் இலை குறைந்து, மரம் முழுவதும் பொன்னாகத் தொங்கும் அந்தக் கொத்துகளை வெட்டினால் சில மணித்தியாலங்களில் உதிரத் தொடங்கிவிடும் என்பதால், குருக்கள் கும்பம் வைக்கிற நேரத்தில்தான் மாமா வெட்டிக்கொண்டு வந்தார். கீழே உதிர்ந்த இதழ்களைப் பெருக்க வேண்டாம் என்று அம்மா சொன்னார். மஞ்சள் இதழ்களின் மேல்தான் அக்கா வலம் வந்தார். பிறகு பார்த்த எத்தனையோ பெரிய மண்டபங்களில் அதற்கு இணையான ஒரு மணவறையை நான் காணவில்லை.

வைகாசியில் இன்னொன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் அந்த மாதத்தில்தான் வருகிறது. சுற்றுவட்டாரம் முழுவதும் அம்மனுக்குப் பூ எடுப்பார்கள். பொங்கலை அண்டி நாள் வைத்திருப்பவர்கள் பூவுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

தம்பியின் கலியாணம் 2015 கார்த்திகையில். பாதை திறந்திருந்தது, கையில் கொஞ்சம் காசும் இருந்தது, அதனால் நாங்கள் எங்கள் மாதத்தை மறந்துவிட்டோம். பெண் வீட்டார் சிவப்பு ரோசாவில் மாலை வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ரோசாவும் கார்னேசனும் ஜெர்பராவும் நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துக் குளிரில் வளர்பவை. அங்கிருந்து கண்டிக்கு இறங்கி, ஏ-9 வீதியால் வவுனியா தாண்டி எங்களிடம் வந்து சேர ஓர் இரவு முழுவதும் வேண்டும். ரெஜிபோம் பெட்டிகளில் ஈரக் கடதாசி சுற்றி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கிழமை முழுவதும் மழை; பஸ் நேரத்துக்கு வரவில்லை; பெட்டிகள் இரவும் பாதிப் பகலும் மூடியபடியே கிடந்தன. திறந்து பார்த்தபோது பூக்கள் வாடியிருக்கவில்லை, நிறமும் இருந்தது. ஆனால் ஏறத்தாழ ஒவ்வொரு பூவிலும் வெளி இதழ்களில் நனைந்த கடதாசியைப்போலப் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. காற்றுப் புகாத ஈரத்தில் இதழில் பிடிக்கும் பூஞ்சணம் அது என்று பிறகு ஒரு விவசாயப் போதனாசிரியர் விளங்கப்படுத்தினார். அன்று இரவு முழுவதும் பெண்கள் கூடி இருந்து பழுதான இதழ்களை உரித்து எடுத்தோம். பெரிய ரோசாக்கள் சிறிய ரோசாக்களாகின. இருந்ததைக் கொண்டு மாலை கட்டிக் கொடுத்தார் மாலை கட்டும் ஐயா, ஆனால் அவருடைய முகத்தில் திருப்தி இல்லை. "இந்த மாதத்துக்கு இந்தப் பூ ஏன் பிள்ளையள் எடுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வீட்டில் இன்னொரு தவறும் நடந்தது. கார்னேசன் கட்டுகளை மழைக்குப் பயந்து, பந்தலில் கட்டுவதற்காக வைத்திருந்த வாழைக்குலைகளோடு ஒரே அறையில் அடுக்கிவிட்டோம். குலைகள் பழுத்துக்கொண்டிருந்தன. பழுக்கும் வாழைப்பழத்திலிருந்து எதிலீன் என்ற வாயு வெளிவரும். பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயு பூவை முதுமையாக்கும். கார்னேசனும் ஓர்க்கிட்டும் அதற்கு மிகவும் விரைவில் பலியாகின்றன. விடிந்து பார்த்தபோது கார்னேசன்கள் நித்திரைக்குப் போவதுபோல இதழ்களைச் சுருட்டிக்கொண்டு கிடந்தன. எங்கள் கலியாண வீடுகளில் பூவும் வாழைக்குலையும் ஒன்றாக வந்து இறங்குவது வழமை என்பதால், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: இரண்டையும் வேறு வேறு அறைகளில் வையுங்கள்.

மழைக்காலம் தனக்கென்று கொடுப்பதை நாங்கள் அன்று பார்க்கவில்லை. முல்லை அந்தக் காலத்துப் பூ. தமிழ் மரபு முல்லைக்குக் கார்காலத்தை, ஆவணியையும் புரட்டாதியையும் வகுத்துவைத்திருக்கிறது. எங்கள் நிலத்திலோ கார் ஐப்பசியில்தான் பிறக்கிறது, முல்லையும் அதுவரை பொறுத்திருந்து, முதல் மழைக்குப் பிறகு வேலியை மூடிப் பூக்கிறது. முல்லையின் பெயரைத் தாங்கிய மாவட்டத்தில் இருந்துகொண்டு, கார்த்திகைக் கலியாணத்துக்கு நாங்கள் முல்லையை நினைக்காமல் போனதை எண்ணினால் எனக்கு இன்றும் மனம் வருந்துகிறது. முல்லை மொட்டுக்கும் மல்லிகையின் கணக்கேதான், மாலையில் விரியும். மணமாலைக்கு அது போதாது என்றால், மழைக்காலத்தில் பூவைக் குறைத்துப் பச்சையைக் கூட்டலாம். தென்னங் குருத்தோலை, மாவிலை, வெற்றிலை, கமுகம் பாளை எல்லாம் அந்த மாதங்களில் தூசு இல்லாமல் கழுவித் துடைத்ததுபோல இருக்கும்; குருத்தோலையில் கிளியும் பூவும் பின்னத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால், மணவறையை முழுக்க அதிலேயே செய்துவிடலாம். மழை பட்டால் குருத்தோலைக்கு ஒரு குறையும் வராது. மாலையைத் தண்ணீர் தெளித்து வைக்கிற வழக்கத்தையும் மழைக்காலத்தில் விட்டுவிட வேண்டும். ஈரம் ஏற்கெனவே காற்றில் இருக்கிறது, தெளிக்கிற தண்ணீர் பூவின் நடுவில் தேங்கி அழுகலைத்தான் கொண்டுவரும். பந்தலுக்கு மேல் தறப்பாள் கட்டுகிறவர்கள், அதன் கீழ்ப் பக்கத்தில் பூச்சரம் தொங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் தறப்பாளின் உட்புறம் வேர்த்துச் சொட்டும்.

செங்காந்தள் என்னும் கார்த்திகைப்பூவை மணவறைக்கு எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த மாதத்தில் வேலிகளிலும் பற்றைகளிலும் தீக்கொழுந்துபோலப் பூத்திருக்கும்; அழகில் அதற்கு நிகரில்லை. ஆனால் நான் அதைத் தவிர்ப்பதற்கு, கிழங்கு முதல் பூ வரை அந்தச் செடி முழுவதும் நஞ்சு என்பது ஒரு காரணம். மற்றது, இந்த மண்ணில் அந்தப் பூ எந்த நினைவுகளோடு சேர்ந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். நான் அதை மணவறைக்குக் கொண்டுவரமாட்டேன். அது தன் இடத்தில் பூக்கட்டும். அலரியையும் நஞ்சின் காரணத்தால் நான் கோயிலுக்கு மட்டுமே பறிக்கிறேன். ஆண்டு முழுவதும் பூக்கிறது, மலிவாகக் கிடைக்கிறது என்று அலரியைப் பலகாரத் தட்டங்களைச் சுற்றியும் சாப்பாட்டு மேசைகளிலும் வைப்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். சிறு பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்தில் அதை வைக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, மாமியின் மகளுடைய கலியாணம், 2017 ஆவணியில். மச்சாள் கனடாவில் பிறந்தவர். தான் பிறந்த மண்ணில் வைத்துத்தான் மகளுக்குத் தாலி கட்ட வேண்டும் என்று மாமி நின்றார். இப்போது எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் கணிசமானவை ஆவணியில் விழுவதற்குக் காரணம், வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறைதான். ஆடியில் நல்ல காரியம் வைப்பதில்லை, புரட்டாதிக்கு முன் அவர்கள் திரும்பிப் போக வேண்டும், ஆகவே ஆவணி. பூவுக்கோ ஆண்டிலேயே வறிய மாதம் அதுதான். அதிலும் 2016 இன் மாரி பொய்த்துப்போனதால் 2017 முழுவதும் கடும் வறட்சி; எங்கள் ஊர்க் குளத்தில் நடுவில் மட்டும் ஒரு தட்டம் தண்ணீர் கிடந்தது. தாமரையில் மணவறை கட்டலாம் என்று மாமி கனடாவில் இருந்தபடியே நினைத்து வைத்திருந்தார். வந்து குளத்தைப் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி வந்தார்.

குளத்தில் தண்ணீர் இருக்கிற ஆண்டுகளில் தாமரை நல்ல தெரிவுதான். காலையில் விரிந்து வெய்யில் ஏறக் கூம்பும் பூ அது. வெட்டிய மொட்டு தானாக விரிவதும் அரிது. விடிய எடுத்து, தண்டை ஆழமான தண்ணீரில் நிறுத்தி, மண்டபத்துக்குக் கொண்டுவந்த பிறகு வெளி இதழ்களை ஒவ்வொன்றாகக் கையால் உள்ளே மடித்துவிட வேண்டும். மடித்த தாமரை முகூர்த்தம் முடியும் வரை அப்படியே நிற்கும். குளத்தில் இறங்குவதற்கு அந்தக் குளத்தை அறிந்தவர்களையே கேளுங்கள். எங்கள் குளங்களில் முதலைகள் உண்டு, பூவுக்காக எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது.

தாமரை இல்லாமற் போனதும் சோடனைக்காரர் அந்தூரியத்தையும் ஓர்க்கிட்டையும் வருவித்தார். ஆவணிக்கு அது சரியான முடிவு. இரண்டும் தென்மேற்கின் வெப்பமும் ஈரமும் உள்ள தாழ்நிலத்தில் வளர்க்கப்படுபவை. மலைநாட்டு ரோசாவைப்போல வெக்கையைக் கண்டு பயப்படுவதில்லை, தண்டைத் தண்ணீரில் வைத்தால் ஒரு கிழமைக்கு மேலும் நிற்கும். ஆனால் யாரோ அன்பு மேலிட்டு, வாடிவிடும் என்று நினைத்து, அந்தூரியங்களை இரவோடு இரவாகப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டார்கள். குளிர் அந்தப் பூவுக்கு ஆகாது. காலையில் எடுத்தபோது சிவப்பெல்லாம் கருநீலமாக மாறிக்கிடந்தது. மச்சாள் அழத் தொடங்கிவிட்டார்.

அப்போது அம்மா சொன்னது கடதாசிப்பூ. போகன்வில்லா என்று நாற்றுமேடைகளில் விற்கும் அதே கொடி, எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் சோளகக் காற்றில் ஊதா நிறமாகவும் செம்மஞ்சளாகவும் எரிந்துகொண்டு நின்றது. மண் காயக் காயத்தான் அது பூக்கும்; நாங்கள் பூவிதழ் என்று நினைக்கும் நிறமான பகுதி உண்மையில் நிறம் மாறிய இலை, நடுவில் இருக்கும் சிறிய வெள்ளைக் குழல்தான் பூ. இலை என்பதால்தான் அது அவ்வளவு விரைவில் வாடாமல் கடதாசியைப்போல நிற்கிறது. முள்ளுக்குக் கையில் துணி சுற்றிக்கொண்டு, பதினைந்து பேர் இரண்டு மணித்தியாலம் வெட்டினோம். இலைகளை உருவி எடுத்துவிட்டால் இன்னும் அதிக நேரம் நிற்கும் என்பதால் சிறுவர்களை இருத்தி இலை உருவச் செய்தோம். மணவறையின் நான்கு கால்களும் அதில்தான் சுற்றப்பட்டன; மீந்திருந்த ஓர்க்கிட் மணமாலைக்குப் போனது. கனடாவிலிருந்து வந்தவர்கள் அந்த மணவறைக்கு முன்னால் நின்று எடுத்த படங்களை இப்போதும் வீட்டுச் சுவரில் வைத்திருக்கிறார்கள் என்று மாமி சொன்னார். ஆவணியில் மாலையை ஈரத் துணிக்குள் சுற்றி, வாழை இலையில் பொதிந்து, கடைசி நிமிடத்தில்தான் வெளியே எடுக்க வேண்டும். வாழைநாரும் அந்தக் காற்றில் காய்ந்து முறியும் என்பதால், தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டே கட்ட வேண்டும்.

பிளாஸ்ரிக் பூவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் ஆவணிக் கலியாணங்களில் அதுதான் இப்போது சுவர் முழுவதும் நிற்கிறது. பூவே கிடைக்காத மாதத்தில் மண்டபத்தின் பின்சுவருக்கு அதைக் கட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். மணமாலைக்கும் கொண்டைக்கும் மட்டும் அது வேண்டாம். இருவர் மாலை மாற்றும்போது அந்த மாலைக்கு ஓர் ஈரமும் ஒரு பாரமும் இருக்க வேண்டும்.

என்னோடு படிப்பிக்கும் தோழி ஒருவருக்கு மன்னாரில் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. கையில் ஏந்தும் பூச்செண்டு காலை முதல் கைச்சூட்டில் இருக்கும் என்பதால், வெள்ளை ஓர்க்கிட்டையும் அதனோடு ஒரு பிடி நந்தியாவட்டை இலையையும் தெரிந்தெடுத்தார். தவக்காலத்தைத் தவிர்த்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகு, நல்ல வெய்யிலில் நடந்த திருமணம். மாலை விருந்து வரைக்கும் செண்டு அப்படியே இருந்தது.

இனித் தைக்கு வருகிறேன். மழை ஓய்ந்து, பனி இறங்கி, குளங்கள் நிரம்பி, காலபோக நெல் முற்றிச் சாய்ந்து நிற்கும் அந்த ஆறு ஏழு கிழமைகள்தான் வன்னியில் பூவுக்கு மிக இதமான காலம் என்று நினைக்கிறேன். பறித்த பூ மற்ற மாதங்களை விட ஒரு நாள் கூடுதலாக நிற்கும். மழையும் இல்லை, சோளகமும் இல்லை. செவ்வந்தி அந்தக் காலத்தின் பூ: இரவு நீளும்போது மொட்டு வைக்கிற செடி அது. எங்கள் விறாந்தையில் மின்விளக்குக்கு நேர் கீழே வைத்த சட்டி மட்டும் ஒரு முறை பூக்கவே இல்லை. மற்றச் சட்டிகளெல்லாம் மஞ்சளாக நின்றன. விளக்கு இரவை அதற்குக் குறைத்துவிட்டது என்று அறிந்த பிறகு, இப்போது செவ்வந்திச் சட்டிகளை வீட்டின் பின்புறம், இருட்டில் வைக்கிறோம். இந்த முறை தங்கைக்காக இருபது சட்டிகளில் பக்கக் கன்றுகளைப் பிரித்து வைத்தாயிற்று.

மணமாலைக்கு அது போதும். பந்தலுக்கும் நிறைகுடத்தைச் சுற்றியும் போடுவதற்கு, மேரிகோல்ட் என்று விதைப் பைக்கற்றில் எழுதியிருக்கும் பெரிய செம்மஞ்சள் பூவை நாங்களே விதைக்கப்போகிறோம். விதைத்து ஏறக்குறைய அறுபது, எழுபது நாட்களில் அது பூக்கும். தைக் கடைசியில் வேண்டுமென்றால் கார்த்திகை முதற் பாதியில் விதை மண்ணில் விழ வேண்டும். அதுதான் மழை கொட்டுகிற நேரம். ஆகவே தட்டங்களில் விதைத்துக் கொட்டிலுக்குள் வைத்து, மார்கழியில் மழை கொஞ்சம் அடங்கும்போது உயர்த்திய பாத்தியில் நடுவதாகத் தம்பியுடன் பேசி முடிவெடுத்தோம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி இரண்டு நாளில் செடி விழுந்துவிடும். நட்ட கன்று நாலைந்து சோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூ கூடும், ஆனால் ஒரு கிழமைக்கு மேல் பிந்திப் பூக்கும். அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துத்தான் விதைக்கும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டிருக்கிறார் தம்பி.

தை எங்களுக்கு இன்னும் இரண்டைக் கொடுக்கிறது. ஒன்று, நெற்கதிர். மாமாவின் வயலில் அறுவடைக்கு முன் சில கட்டுகளை முற்றிய கதிரோடு அறுத்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தித் தரச் சொல்லியிருக்கிறோம். மணவறையின் மேற்பக்கத்தில் பூவுக்குப் பதிலாக அந்தக் கதிர்க்குஞ்சங்கள்தான் தொங்கப்போகின்றன. மற்றது முள்முருக்கு. கன்னிக்காலாக ஊன்றுகிற அதே மரம். மழை முடிந்து இலை உதிர்க்கும் காலத்தில் கிளை நுனிகளில் செக்கச் சிவந்து பூக்கும். அநேகமாகக் கன்னிக்காலுக்கு வெறும் தடியைத்தான் வெட்டிக்கொண்டு வருவார்கள். தையில் கலியாணம் வைக்கிறவர்கள் பூவோடு கூடிய கிளையைத் தேடிப் பார்க்கலாம். எங்கள் பெரியப்பாவின் எல்லைவேலியில் ஒன்று நிற்கிறது, அதைத் தரும்படி இப்போதே கேட்டுவைத்துவிட்டேன்.

மிஞ்சியிருப்பது மல்லிகை. தங்கையிடம் தையில் அது இல்லை என்று சொன்னோம். அவள் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினாள், அந்த மௌனத்தை அம்மாவால் தாங்க முடியவில்லை. வழமையாக மார்கழி முடிவில், மழை விட்டதும், மல்லிகையைக் கத்தரித்து, இலையை உருவி, அடியைக் கொத்தி எருப் போட்டு விடுவோம். மாசியின் பின்பாதியில் முதல் மொட்டு காணும். கத்தரிக்கும் நாளை முன்னுக்குக் கொண்டுவந்தால் பூவும் முன்னுக்கு வரலாம் என்று மாலை கட்டும் ஐயா சொல்லியிருக்கிறார். மழையும் மந்தாரமும் மொட்டைக் குறைக்கும் என்பதையும் அவரே சொன்னார். கொண்டைமாலைக்குத் தேவைப்படுவது இருநூறு முந்நூறு மொட்டுகள். சரம் முழுவதற்கும் இல்லாவிட்டாலும், கனகாம்பரத்துக்கு இடையிடையே வைத்துத் தொடுக்க ஐம்பது கிடைத்தாலும் அம்மாவுக்குப் போதும்.

கிணற்றடியில் எட்டுப் பற்றைகள் நிற்கின்றன. ஆறை வழமைப்படி விட்டுவிட்டு, கிழக்குப் பக்கம் வெய்யில் படுகிற இரண்டை மட்டும் புரட்டாதி கடைசியில் கத்தரிப்பதாக முடிவாகியிருக்கிறது. மழை நேராக விழாமல் இருக்க அந்த இரண்டுக்கும் மேலே பழைய தறப்பாள் ஒன்றைக் கட்டுவதற்கு நான்கு கப்புகளை நேற்றுப் பின்னேரம் தம்பி ஊன்றிவிட்டுப் போனான். அம்மா கத்தரிக்கோலை எடுத்துத் தேங்காய் எண்ணெய் பூசி, கடதாசியில் சுற்றி, அடுப்படித் தட்டில் வைத்திருக்கிறார்.